ஓடக் கூடாத காடு

இருபது வருடம் ஒரே இடத்தில் வேலை செய்தவர்களுக்கு எங்கள் ஆஸ்பத்திரி ஒரு கடிதம் கொடுக்கும். நன்றி சொல்லி நாலு வரி, அதன் கீழே இரண்டு பெட்டி. முதலாவதில் புள்ளடி போட்டால் ஒரு மாதச் சம்பளம் மேலதிகமாகக் கிடைக்கும். இரண்டாவதில் போட்டால் ஒரு மாத லீவு. நான் வேலை செய்வது சுவிற்சர்லாந்தில், பாடன் நகரில், சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கழுவிக் கிருமி நீக்கிப் பொதி செய்கிற பகுதியில். நிலத்துக்குக் கீழே இருக்கிறது, சன்னல் கிடையாது. அங்கே எனக்கு முன் அந்தக் கடிதத்தை வாங்கிய தமிழர் எல்லாரும் முதலாவது பெட்டியில்தான் புள்ளடி போட்டவர்கள். நான் இரண்டாவதில் போட்டேன்.

எங்கள் பொறுப்பாளர் ஒரு சுவிஸ்காரப் பெண். கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஸ்ரீலங்காவுக்குப் போகிறீர்களா?" என்று கேட்டார்.

"இல்லை, சாம்பியாவுக்கு. காடு பார்க்க."

"நல்லது," என்று சொல்லிக் கடிதத்தைக் கோப்பில் வைத்தார். அதோடு முடிந்தது. அவர் ஏன், எதற்கு, யாரோடு என்று கேட்காமல் விட்டது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பது அவருக்குத் தெரியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இந்த மூன்று கேள்விக்கும் நான் ஆராவில் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

ஆரா பாடனுக்குப் பக்கத்து நகரம்; அங்கேதான் என் அண்ணன் குடும்பம் இருக்கிறது. அண்ணைதான் என்னை இந்த நாட்டுக்கு எடுப்பித்தவர். அதை நான் ஒருநாளும் மறந்ததில்லை. மறக்க யாரும் விட்டதுமில்லை. எனக்கு ஐம்பது வயது. கலியாணம் கட்டவில்லை. கட்டாதவளின் லீவு எங்கள் ஆட்களிடையே பொதுச் சொத்து. அண்ணியின் இரண்டு பிள்ளைப்பேற்றுக்கும் என் லீவுதான் போனது. லண்டனில் யாருக்காவது கலியாணம் என்றால் பலகாரம் சுட நான்தான் நாலு நாள் முன்கூட்டிப் போவேன். சாமத்தியவீடு, அந்தியேட்டி, வீடு குடிபுகுதல் எல்லாவற்றுக்கும் அப்படித்தான். "உனக்கென்ன, தனி ஆள்தானே" என்ற ஒரு வசனத்தோடு என் கோடைகாலங்கள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. நான் முகம் சுளிக்காமல் போனேன் என்பதையும் சொல்லவேண்டும். குற்றம் அவர்களுடையது மட்டுமில்லை.

சாம்பியா எப்படி வந்தது என்றால், ஆறு வருடங்களுக்கு முன் எங்கள் ஆஸ்பத்திரி உணவகத்தில் யாரோ ஒரு சஞ்சிகையை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதில் தென் லுவாங்வா என்ற தேசியப் பூங்காவைப் பற்றி எழுதியிருந்தது. மற்றப் பூங்காக்களில் வாகனத்துக்குள் இருந்தபடி மிருகங்களைப் பார்ப்பார்கள், இங்கே நடந்து போய்ப் பார்க்கலாம் என்று இருந்தது. நடந்து என்ற சொல்லை நான் இரண்டு தரம் வாசித்தேன். அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஆறு வருடமாக அது சமையலறை அலுமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டியிருந்தது. வீட்டுக்கு வந்தவர்கள் எவரும் அதைக் கண்டதில்லை.

அந்த ஞாயிறு அண்ணி ஆட்டிறைச்சிக் கறி வைத்திருந்தார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தொடங்கினார்.

"மச்சாள், ஓகஸ்ட்டிலை அம்மாவுக்கு முழங்கால் ஒப்பரேஷன். உங்களுக்கு ஒரு மாசம் லீவு வருகுதெண்டு இவர் சொன்னவர். நல்ல வேளை. நீங்கள் இஞ்சை வந்து நிண்டால் நாங்கள் ரெண்டு பேரும் யோசிக்காமல் வேலைக்குப் போகலாம்."

அண்ணியின் அம்மா, நான் மாமி என்று கூப்பிடுகிறவர், மேசையின் மறுபக்கத்தில் இருந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்ல மனிசி. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"ஓகஸ்ட்டிலை நான் இல்லை அண்ணி. சாம்பியாவுக்குப் போறன்."

"எங்கை?"

"ஆப்பிரிக்காவுக்கு."

அண்ணை சோற்றுக் கையைச் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தார். "ஆரோடை?"

"தனிய."

"அங்கை ஆர் இருக்கினம்?"

"எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இல்லை. மிருகங்கள் இருக்கு. அதுகளைப் பாக்கத்தான் போறன்."

அண்ணி சிரித்தார். பகிடி என்று நினைத்திருக்கவேண்டும். "சூரிச்சிலை பெரிய மிருகக்காட்சிச்சாலை இருக்கு மச்சாள். காலமை போனால் பின்னேரம் வந்திடலாம்."

அண்ணை சிரிக்கவில்லை. "உனக்கென்ன, விசரோ? நீ பாத்த காடு காணாதே?"

நான் பார்த்த காடு போதாதா என்று அவர் கேட்டது வன்னிக் காட்டை. அவர் அதற்குள் நடந்தவரல்ல. அவர் முன்னமே இங்கே வந்து ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அப்பாவும் அம்மாவும் நானும்தான் நடந்தோம். எனக்கு இருபத்துமூன்று வயது. ஷெல் விழ ஓடி, ஓய்ந்ததும் நடந்து, மறுபடி ஓடி, ஒன்பது நாள். அந்தக் காட்டில் என்ன மரம் நின்றது என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. பாலையும் முதிரையும் வீரையும் நின்றிருக்கும்; பள்ளிப் புத்தகத்தில் அப்படித்தான் படித்தோம். நான் பார்த்தது எனக்கு முன்னால் போன அம்மாவின் குதிக்கால்களை மட்டும். ஒரு காலை, பாதை நடுவில் யானை இலத்தி கிடந்தது. ஆவி பறந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு போனோம். யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று யாரும் தலை திருப்பிப் பார்க்கவில்லை. யானைக்குப் பயப்பட எங்களுக்கு நேரம் இருக்கவில்லை.

"அந்தக் காடு காணாது அண்ணை," என்றேன். "அங்கை நான் ஓடினன். ஒண்டையும் பாக்கேல்லை. ஒருக்கா எண்டாலும் காட்டுக்கை நிண்டு பாக்க வேணும்."

"சனம் என்ன கதைக்கும்? குமர்ப்பிள்ளை இல்லைத்தான், எண்டாலும் ஒரு பொம்பிளை தனிய ஆப்பிரிக்காவுக்கு..."

"கதைக்கட்டும்."

"நான் உன்னை இஞ்சை எடுப்பிச்சது உதுக்கோ?"

இந்தக் கேள்வி ஒருநாள் வரும் என்று எனக்குத் தெரியும். இருபது வருடமாக அது அந்த மேசையில்தான் இருந்தது, யாரும் வாயைத் திறந்து கேட்கவில்லை. கேட்டதும் என் காது சூடாகியது.

"என்னத்துக்கு எடுப்பிச்சனீங்கள்? நான் உயிரோடை இருக்க வேணும் எண்டுதானே. இருக்கிறன் அண்ணை. அதைத்தான் செய்யப் போறன்."

மாமி மட்டும், "பிள்ளை சாப்பிடட்டும், விடுங்கோ," என்றார். யாரும் சாப்பிடவில்லை. நான் கையைக் கழுவி, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். றெயினில் ஏறி இருந்தேன். பாடன் வரும்வரை, திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. அது எனக்கே புதிதாக இருந்தது.

பயண முகவர் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார். கருநீலமும் கறுப்பும் உடுக்க வேண்டாம், ஒரு வகைக் கடி ஈ அந்த நிறங்களைத் தேடி வரும். வெள்ளை வேண்டாம், மிருகங்களுக்குத் தூரத்திலிருந்தே தெரியும். பச்சை, மண் நிறம் நல்லது. இராணுவப் புள்ளி போட்ட உடுப்பு அந்த நாட்டில் சட்டப்படி தடை. கடைசி வரியை வாசித்தபோது அந்த நாட்டின் மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது. என் அலுமாரியில் இருந்ததெல்லாம் கருநீலம். கடைக்குப் போனேன். விற்பனைப் பெண் ஒரு கடும்பச்சைக் காற்சட்டையை எடுத்து நீட்டினாள். அதைத் தொட எனக்குக் கை போகவில்லை. "காய்ந்த புல்லின் நிறத்தில் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டேன். இருந்தது. இரண்டு வாங்கினேன். எனக்கு ஐம்பது வயதில் கிடைத்த முதல் நீளக் காற்சட்டைகள் அவை. வேலை உடுப்பைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

நடை சப்பாத்துகளைப் புதிதாகப் போட்டால் காலைக் கடிக்கும் என்று சொன்னார்கள். அதனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் பாடனுக்கு மேலே லேகர்ன் மலை முகட்டில் ஏறி நடந்தேன். பாறை விளிம்பு அது. இரண்டு பக்கமும் சரிவு. முதல் கிழமை பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். என்னைவிட இருபது வயது மூத்த சுவிஸ் கிழவிகள் "க்ரூயெட்சி" என்று வணக்கம் சொல்லிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார்கள். ஆறாவது கிழமை நான் இருவரைத் தாண்டினேன். ஓகஸ்ட் வரும்போது என் கெண்டைக்கால் கல்லாகியிருந்தது.

அண்ணை தொலைபேசி எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. மாமியின் ஒப்பரேஷன் திகதி மட்டும் அண்ணியிடமிருந்து குறுஞ்செய்தியாக வந்தது. நான் புறப்படும் நாளுக்கு அடுத்த நாள். வேறு ஒரு சொல்லும் இல்லை. அந்தச் செய்தியைப் பார்த்துக்கொண்டு அடுக்களையில் கனநேரம் நின்றேன். பிறகு மாமிக்கு நேரே எடுத்தேன்.

"மாமி, நான் போறன். கோபமோ?"

"எனக்கென்னத்துக்குக் கோபம்? எனக்குப் பிள்ளையும் மருமேனும் இருக்கினம். நீர் போயிட்டு வாரும். பாம்புக்குக் கவனம்."

மூன்று விமானம் மாறிப் போனேன். கடைசி விமானம் ஒரு மினிவான் அளவுதான். அங்கிருந்து ஜீப்பில் மூன்று மணித்தியாலம். ஆற்றங்கரையில் புல்லால் வேய்ந்த நாலு குடிசை. மழைக்காலத்தில் ஆறு வந்து எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும், வருடா வருடம் புதிதாகக் கட்டுவார்களாம். என்னோடு வந்தவர்கள் மூன்று பேர். மூவரும் சுவிஸ்காரர். சோலோதூர்ன் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதி. பேர்ன் பக்கத்திலிருந்து ஒரு பல் வைத்தியர், முழங்கை நீளத்துக்குக் கமரா வில்லையோடு.

இரவுச் சாப்பாட்டுக்கு இருந்தபோது பல் வைத்தியர் கேட்டார்: "நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள்?"

"பாடன்."

சிரித்தார். "இல்லை, உண்மையில் எங்கிருந்து?"

"உண்மையில் பாடனிலிருந்து. இன்று காலை... இல்லை, நேற்றுக் காலை ஆறு பதினேழு றெயினில் புறப்பட்டேன்."

ஆசிரியர் மனைவி தன் கோப்பைக்குள் சிரித்தார். வேறு நாளென்றால் நானே ஸ்ரீலங்கா, சண்டை, அகதி என்று முழுக் கதையையும் ஒப்புவித்திருப்பேன். அந்தக் கதையைச் சொல்லித்தான் இந்த நாட்டில் இருக்க அனுமதி வாங்கினேன்; அதனால் யார் கேட்டாலும் சொல்லவேண்டும் என்று பழகிப்போயிருந்தது. அன்றைக்குச் சொல்லவில்லை.

அடுத்த நாள் விடிந்ததும் வழிகாட்டி எங்களை நிரையாக நிறுத்தினார். நாற்பது வயது மதிக்கத்தக்க சாம்பியாக்காரர், மெல்லிய குரல். என் ஆங்கிலம் பள்ளிக்கூட ஆங்கிலம், ஆனால் அவர் பேசியது முழுக்க விளங்கியது.

"மூன்று விதி," என்றார். "ஒருவர் பின் ஒருவராக நடக்கவேண்டும். கதைக்கக் கூடாது. மூன்றாவது, இதுதான் முக்கியம். என்ன வந்தாலும் ஓடக் கூடாது. யானை வந்தாலும் சிங்கம் வந்தாலும் நில்லுங்கள். ஓடுகிறவரைத்தான் துரத்தும்."

முன்னால் நடப்பதற்கு ஒரு வனக்காவலர் வந்தார். பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். தலைமுடியை நெருக்கிப் பின்னியிருந்தார். சீருடை, தோளில் பெரிய துவக்கு.

எனக்கு முன்னமே தெரியும், பட்டியலில் எழுதியிருந்தது. காட்டில் நடப்பவர்களோடு ஆயுதம் தாங்கிய ஒருவர் வருவார் என்று. வாசித்தபோது சரி என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் துவக்கின் பூட்டை இழுத்துச் சரிபார்த்தபோது அந்த ஓசை கேட்டதே, அதோடு என் கால்கள் நின்றுவிட்டன. வியர்த்தது. விடியக் குளிரில் எல்லாரும் சால்வை போர்த்தியிருந்தார்கள், எனக்கு முதுகு நனைந்தது.

"உங்களுக்குச் சுகமில்லையா?" என்றார் ஆசிரியர் மனைவி.

பல் வைத்தியர் மணிக்கூட்டைப் பார்த்தார். கெட்ட மனிதரில்லை, சிங்கம் விடியற்காலையில்தான் நடமாடும் என்று அவருக்குக் கவலை. "நீங்கள் முகாமில் ஓய்வெடுக்கலாமே. நாங்கள் படம் எடுத்து வந்து காட்டுகிறோம்," என்றார்.

படம். ஆறு வருடம் அலுமாரிக் கதவில் பார்த்தது படம்தான்.

"இல்லை," என்றேன். "எனக்கு ஐந்து நிமிஷம் வேண்டும்." பிறகு அந்த வனக்காவலரிடம் நேரே போனேன். எப்படிப் போனேன் என்று தெரியாது. "எனக்குத் துவக்கென்றால் பயம். சண்டை நடந்த இடத்தில் இருந்தவள் நான். இதை நீங்கள் எப்போது சுடுவீர்கள், சொல்லுங்கள்."

அவர் என்னை வியப்பாகப் பார்க்கவில்லை, இரக்கமாகவும் பார்க்கவில்லை. வேலையைப் பற்றிக் கேட்டால் வேலைக்காரர் சொல்வதுபோலச் சொன்னார். "கடைசியாக. முதலில் நாங்கள் விலகிப் போவோம். பிறகு நிற்போம். பிறகு கத்துவோம், கை தட்டுவோம். பிறகு வானத்தைப் பார்த்து ஒரு வெடி. அதற்கும் பிறகுதான். ஒன்பது வருடத்தில் இரண்டு தரம் வானத்தைப் பார்த்துச் சுட்டிருக்கிறேன். மிருகத்தை ஒருநாளும் இல்லை."

"எங்கே நடப்பீர்கள்?"

"முன்னால். எது வந்தாலும் முதலில் எனக்குத்தான்."

நான் இருபத்துமூன்று வயதில் நடந்தபோது துவக்குகள் எங்களுக்குப் பின்னாலும் பக்கத்திலும் இருந்தன. எங்களுக்கு முன்னால், எங்களுக்காக, ஒன்றும் போனதில்லை. இதை அவரிடம் சொல்ல எனக்கு ஆங்கிலம் காணாது. "சரி, போவோம்," என்றேன். வழிகாட்டி என்னைத் தனக்கு அடுத்ததாக நிறுத்தினார்.

நடந்தோம். முதல் அரை மணித்தியாலம் நான் வழிகாட்டியின் குதிக்கால்களைத்தான் பார்த்தேன். பழக்கம். பிறகு அவர் குனிந்து ஏதோ எடுத்தார். காய்ந்த யானை இலத்தி. இரண்டாக உடைத்து எங்களுக்குக் காட்டினார். உள்ளே நார், நாருக்குள் புளியங்கொட்டை. முழுசாக, பளபளவென்று. அண்ணாந்து பார்த்தேன். எங்கள் தலைக்கு மேலே புளியமரம் நின்றது. அதன் பிறகு நான் குதிக்கால்களைப் பார்க்கவில்லை. கறுத்த அடிமரத்தோடு கருங்காலிகள் தோப்பாக நின்றன. கினிக்கோழிகள் கூட்டமாக ஓடின. ஆற்றில் நீர்யானைகள் மூக்கை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு கிழவர் சபைபோல உறுமின. ஒவ்வொரு மரத்துக்கும் நான் பெயர் கேட்டேன். வழிகாட்டி சலிக்காமல் சொன்னார்.

மூன்றாம் நாள் காலை ஒரு வற்றிய ஆற்றுக்கு வந்தோம். வெறும் மணல். உயரமான கரையில் ஒரு மரத்தடியில் எங்களை இருத்தினார் வழிகாட்டி. கீழே மணலில் ஏழு யானை. எல்லாம் பெண்ணும் குட்டியும். நடுவில் நின்ற பெரியது முன்காலால் மணலைக் கிளறி, துதிக்கையால் வாரிப் பின்னால் எறிந்துகொண்டிருந்தது. கிணறு தோண்டுகிறது என்று வழிகாட்டி காதோடு சொன்னார். மற்றவை சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு குட்டி இடையில் புகுந்து துதிக்கையை நுழைக்க, பெரியது அதைத் தன் காலால் மெல்ல ஒதுக்கியது. அடித்தது என்று சொல்லமுடியாது. கொஞ்சம் பொறு என்பதுபோல.

இருபது நிமிஷம் போனது. தண்ணீர் வரவில்லை. பல் வைத்தியர் வழிகாட்டியிடம் கிசுகிசுத்தார். விடியும்போது சிங்கத்தின் கத்தல் கேட்டது வடக்குப் பக்கம், இப்போது போனால் பிடிக்கலாம், யானையைத்தான் தினமும் பார்க்கிறோமே என்று. வழிகாட்டி எங்களைப் பார்த்தார். நாங்கள் பிரிந்து போகமுடியாது. ஒரு துவக்கு, ஒரு நிரை. ஆசிரியர் தோளைக் குலுக்கினார், எதுவென்றாலும் சரி என்பதுபோல. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சரி சொல்லுவேன் என்று எதிர்பார்த்தார்கள். நானும் எதிர்பார்த்தேன். சரி என்ற சொல் வாயில் வந்து நின்றது.

"இல்லை," என்றேன். "தண்ணீர் வரும்வரை நான் பார்க்கவேண்டும்."

"அது மத்தியானம் வரை போகலாம்," என்றார் பல் வைத்தியர்.

"போகட்டும்."

"நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம், நீங்கள் ஒருவர்..."

"நானும் இருக்கிறேன்," என்றார் ஆசிரியர் மனைவி, கண்ணை யானையிலிருந்து எடுக்காமல். அவர் கணவர் மறுபடியும் தோளைக் குலுக்கினார். பல் வைத்தியர் பெருமூச்சு விட்டுக் கமராவைத் தூக்கினார்.

தண்ணீர் வந்தது. முதலில் குட்டி குடித்தது என்று நினைக்கிறீர்களா? இல்லை, பெரியதுதான் குடித்தது. ஒரு தாயும் விட்டுக்கொடுக்கவில்லை அங்கே. தோண்டியது குடித்தது, வயிறு நிறையக் குடித்தது, பிறகுதான் விலகி மற்றவைக்கு இடம் விட்டது. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

அப்போது காற்றுத் திரும்பியது. என் பிடரியில் சில்லென்று பட்டது எனக்கே தெரிந்தது. பெரியது துதிக்கையை உயர்த்தி எங்கள் பக்கம் நீட்டியது. பிறகு காது இரண்டையும் விரித்துக்கொண்டு கரையில் ஏறத் தொடங்கியது. அவ்வளவு பெரிய உடம்பு மணற்சரிவில் ஓசையே இல்லாமல் ஏறும் என்று நான் நினைத்ததில்லை.

"எழும்புங்கள். மெதுவாக. நில்லுங்கள்," என்றார் வழிகாட்டி. வனக்காவலர் ஏற்கெனவே எங்களுக்கு முன்னால் போய் நின்றார். துவக்கு கையில், நிலத்தைப் பார்த்தபடி.

முப்பது அடி இருக்கும். அது நின்று தலையை ஆட்டியது. தூசி பறந்தது. ஒரு தரம் பிளிறியது. அந்த ஓசை நெஞ்சுக்கூட்டுக்குள் கேட்டது. என் வலது குதிக்கால் நிலத்தைவிட்டுக் கிளம்பியதை நான் உணர்ந்தேன். என் உடம்புக்கு ஓடத் தெரியும். எந்தப் பக்கம் மரம் அடர்த்தி, எங்கே பள்ளம் என்று கண் தானாகவே தேடிவிட்டது. இருபத்தேழு வருடத்துக்குப் பிறகும் உடம்பு ஒன்றையும் மறக்கவில்லை. எனக்கு அதன்மேல் கோபம் வந்தது. யானையின் மேலல்ல, அந்தக் குதிக்காலின் மேல். இந்த முறை இல்லை என்று அதற்குச் சொன்னேன். வாய்விட்டுத்தான் சொன்னேன் போலும், தமிழில். வழிகாட்டி பக்கவாட்டில் ஒரு பார்வை பார்த்தார். குதிக்காலை நிலத்தில் ஊன்றினேன். நின்றேன். நின்று பார்த்தேன்.

அதன் கண்ணிமை மயிர் நீளம். இடது காதின் கீழ்விளிம்பு கிழிந்திருந்தது. துதிக்கை நுனியில் ஈரமணல் ஒட்டியிருந்தது. கன்னத்தில் ஒரு கறுத்த ஈரக்கோடு. இதெல்லாம் நான் பார்த்தேன்.

வனக்காவலர் உரத்த குரலில் ஏதோ சொன்னார், தன் மொழியில், கண்டிப்பான பக்கத்து வீட்டுக்காரிபோல. யானை இன்னொரு தரம் தலையை ஆட்டியது. பிறகு திரும்பி, அவசரப்படாமல், சரிவில் இறங்கிப் போனது. குட்டி அதற்காகக் காத்து நின்றது.

பல் வைத்தியர் ஒரு படமும் எடுத்திருக்கவில்லை. தன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து முதலில் எனக்கு நீட்டினார். "இப்படி நான் ஒருநாளும் பயந்ததில்லை," என்றார்.

"நானும்தான்," என்றேன். அது பொய். நான் இதைவிடப் பயந்திருக்கிறேன். பயந்தபடியே நின்று பார்த்தது இதுதான் முதல் தரம்.

சிங்கத்தை நாங்கள் கடைசிவரை காணவில்லை.

திரும்பி வந்த அடுத்த சனிக்கிழமை ஆராவில் தமிழ்க் கடைக்குப் போனேன். முருங்கைக்காய் எடுத்துக்கொண்டிருக்கையில் கடைக்கார அக்கா கேட்டார்: "ஆப்பிரிக்காவுக்குப் போனனீங்களாம்? ஏன், ஏதும் நேத்திக்கடனோ?"

"இல்லை அக்கா. ஆசை."

அவர் கையில் முருங்கைக்காயோடு என்னைப் பார்த்தார். ஆசை என்ற சொல்லை என் வயதுப் பெண்ணிடமிருந்து அவர் அடிக்கடி கேட்பதில்லைப் போலும். அந்தக் கடையிலிருந்து கதை எங்கெங்கே போகும் என்று எனக்குத் தெரியும். போகட்டும் என்றுதான் அப்படியே சொன்னேன்.

மாமியின் முழங்கால் நன்றாகத்தான் வந்தது. நான் இல்லாததால் அண்ணை இரண்டு கிழமை லீவெடுத்து வீட்டில் நின்றாராம். கோப்பை கழுவிய காலத்துக்குப் பிறகு அடுக்களைப் பக்கம் போகாத மனிதர், மாமிக்கு இரசமும் குத்தரிசிக் கஞ்சியும் வைத்துக் கொடுத்திருக்கிறார். முதல் நாள் கஞ்சி அடிப்பிடித்ததாம். மாமிதான் தொலைபேசியில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அண்ணை மட்டும் என்னோடு கதைக்கவில்லை. செப்டெம்பர் போனது. ஒக்டோபர் போனது. எனக்கு வலித்தது; இல்லையென்று சொன்னால் பொய். இரண்டு தரம் நம்பரை அழுத்திவிட்டு நிறுத்தினேன். மன்னிப்புக் கேட்டால் உடனே எல்லாம் சரியாகிவிடும். ஆனால் மன்னிப்புக் கேட்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

தீபாவளிக்கு மாமி கூப்பிட்டார். போனேன். கதவைத் திறந்தது அண்ணை. "வா," என்றார். அவ்வளவுதான். உள்ளே போய் இருந்தேன். சாப்பாடு போட்டது அவர்தான். அண்ணி கதிரையில் இருந்துகொண்டு, "இப்ப இவர்தான் எங்கடை வீட்டிலை சமையல்," என்றார், கொஞ்சம் குத்தலாக, கொஞ்சம் பெருமையாக.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அண்ணை கோப்பையைப் பார்த்தபடி கேட்டார்: "அங்கை யானை கிட்ட வந்ததாம் எண்டு மாமி சொன்னவா. எவ்வளவு கிட்ட?"

"உந்தச் சுவர்ப் பக்கத்தைவிடக் கொஞ்சம் தூரம்."

அவர் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். "ஓடினனியோ?"

"இல்லை. நிண்டனான்."

அவர் கையில் சோறு உலர்ந்தது. நான் நடந்த அந்த ஒன்பது நாளைப் பற்றி அண்ணை என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது, அவர் அந்தக் காட்டை இத்தனை வருடமும் என்னைவிட அதிகமாகச் சுமந்துகொண்டிருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது, எங்களோடு வராதவர் அல்லவா.

"சரி," என்றார் கடைசியில். "போனது போகட்டும். சுகமா வந்து சேந்திட்டாய். இனிமேல் உப்பிடித் தனியச் செய்யாதை."

"செய்வன் அண்ணை."

அண்ணி என்னைப் பார்த்தார். மாமி தண்ணீர்க் கோப்பையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

"அடுத்த வரியமும் போவன்," என்றேன். "யூலையிலை. லீவுக்கு எழுதிக் குடுத்திட்டன்."

அண்ணை அகப்பையை எடுத்தார். கோபத்தில் வைத்தாரோ, அன்பில் வைத்தாரோ, என் கோப்பையில் நான் கேட்காத அளவு கறியை அள்ளி வைத்தார். அடிப்பிடிக்காமல் நன்றாகத்தான் வந்திருந்தது. முழுவதையும் சாப்பிட்டேன்.